எதிர் இலைக்கு வைத்தாயா?

என் கல்யாணத்தன்று, புது வேட்டி கட்டிய மாப்பிள்ளை நான் உட்கார்ந்திருக்கும்போதே, என் இலையிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்துக்கொண்டு போனார் ஒரு மனிதர். எனக்கும் அழகர்சாமி அண்ணனுக்கும் அறிமுகம் ஆன லட்சணம் அதுதான்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம். பொன்மலை மாதா கோயிலில் பூசை முடிந்து, ரயில்வே குவார்ட்டர்ஸ் தெருவை அடைத்துப் போட்ட பந்தலில் பந்தி நடக்கிறது. என் மச்சான் ஆசையாக எனக்கு மட்டும் இரண்டாவது அப்பளம் வைத்துவிட்டுப் போனான். அவன் முதுகு திரும்பியதுதான் தாமதம், சாம்பார் வாளியோடு வந்த ஒரு ஒல்லி மனிதர், காதிடுக்கில் பென்சில், நெற்றியில் திருநீறு, குனிந்து அந்த அப்பளத்தை அலுங்காமல் எடுத்தார்.

“யோவ், யாருய்யா நீ?” என்றேன். மாப்பிள்ளை வாயைத் திறக்கக் கூடாது என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அப்பளம் பறிபோகும்போது அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

“கோச்சுக்காதீங்க மாப்பிள்ளே. எதிர் இலையப் பாருங்க. உங்க மாமனாருக்கு ஒண்ணுதான் இருக்கு. ரெண்டாவது சுத்து எல்லாருக்கும் வரும், அப்ப உங்களுக்கும் வரும்.”

வந்தது. சுடச்சுட வந்தது. கோபத்தை ஒரு வாரம் வைத்திருப்பது என்று முடிவு செய்திருந்தேன். அந்த அப்பளம் பொரிந்திருந்த அழகில் அது அங்கேயே நொறுங்கிப் போயிற்று.

அமிர்தராஜ் என்ற நானும் அவரும் ஒரே ஒர்க்‌ஷாப்பில்தான் வேலை பார்க்கிறோம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. நான் கொல்லுப் பட்டறை. அவர் சக்கரப் பிரிவில் ஃபிட்டர். உறையூர்க்காரர். வேலை நேரம் போக மீதி நேரமெல்லாம் பந்தி பரிமாறுவார். கூலிக்கு இல்லை, ஆசைக்கு. பொன்மலையில் கல்யாணம், காதுகுத்து, கிறிஸ்தவப் பிள்ளைகளின் புதுநன்மை விழா, எது நடந்தாலும் முதல் பத்திரிகை சாமிக்கு, இரண்டாவது அழகர்சாமிக்கு. இந்து வீடா, கிறிஸ்தவர் வீடா என்று அவர் பார்த்ததில்லை. இலை போட்டால் போதும், ஆள் ஆஜர்.

அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பாவம்தான் உண்டு. ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்களில் ஒருத்தருக்கு ஒன்றும் இன்னொருத்தருக்கு வேறொன்றும் வைப்பது. அதற்குப் பந்தி வஞ்சனை என்று பெயர். நம் ஊரில் கொலை செய்துவிட்டு ஜெயிலில் இருப்பவனைக்கூடப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். பந்தி வஞ்சனை செய்த வீட்டில் திரும்பக் கை நனைக்க மாட்டார்கள். அழகரண்ணன் இதில் ஒரு படி மேலே. பரிமாறுகிறவன் யாராக இருந்தாலும் பின்னாலேயே போய், “எதிர் இலைக்கு வச்சியா? எதிர் இலைக்கு வச்சியா?” என்று பிராணனை வாங்குவார்.

ஆயுத பூஜையன்று ஒர்க்‌ஷாப்பில் பொரி கொடுக்கும் வேலையும் அவருடையதே. ஒருமுறை ஃபோர்மேன் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார். அழகரண்ணன் ஒரு கைப் பொரியைப் போட்டுவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்துவிட்டார். ஃபோர்மேன் மீசை துடித்தது. “சார், கூட்டறவருக்கும் ஒரு கைதான் சார். உங்க கை பெருசு, அதனால கம்மியாத் தெரியுது” என்றார் அழகரண்ணன். அன்றைக்கு அவருக்கு மெமோ வரும் என்று எல்லோரும் பயந்தோம். ஃபோர்மேன் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் கேட்கவே வேண்டாம். “இவருக்கு வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து நான் ஒரு வடை கூடுதலாத் தின்னதில்லை” என்று அவர் மனைவி மயிலம்மாள் என்னிடம் புலம்புவார். ஒரே மகள் வள்ளிக்கண்ணு. அவளுக்குக்கூட ஒரு தோசை அதிகம் கிடையாது. ஆனால் அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பும்போது சைக்கிள் கேரியரில் தன் துண்டை நாலாக மடித்துப் போட்டுத்தான் உட்கார வைப்பார். அவள் இறங்கிய பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். அந்தப் பெண் என்றால் அவருக்கு உயிர். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

இந்த மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு என்ன தெரியுமா? நாய்க்குட்டி பார்ப்பது. நான் பூசை முடிந்து வரும்போது குழாயடியில் குந்தியிருப்பார். எதிரே மண்ணில் நாலைந்து குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து புரளும்.

“இங்க வா அமிர்தம், இதப் பாரு. கழுத்தக் கவ்வுதுங்க, பல்லு பதியல பாரு. விளையாட்டுன்னு அதுங்களுக்குள்ள ஒப்பந்தம். அந்தச் செவலை மட்டும் நெசமாவே கடிச்சிடும். இப்ப பாரு, ஒண்ணுகூட அதைச் சேத்துக்கல.”

செவலைக் குட்டி பாவம் போல வாலை ஆட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மல்லாக்கப் படுத்து நாலு காலையும் தூக்கியது.

“மன்னிப்புக் கேக்குதுடா!” என்று அழகரண்ணன் குதித்தே விட்டார். “போலீஸ் இல்ல, கோர்ட்டு இல்ல, எப்படி நடக்குது பாத்தியா?”

“அதுக்கு முதுகு அரிக்குது அண்ணே” என்றேன்.

எனக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. நான் வேதம் படித்தவன். நன்மை தீமை என்பது ஆண்டவர் மலைமேல் மோயீசனைக் கூப்பிட்டுக் கல்லில் எழுதிக் கொடுத்த விஷயம். இவர் என்னடாவென்றால் அது குழாயடியில் முளைத்தது என்கிறார்! மேலேயிருந்து வந்ததா, கீழேயிருந்து வந்ததா என்று நாங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டையில் எத்தனையோ டீ ஆறிப் போயிருக்கிறது.

அந்தச் சண்டை உச்சத்துக்குப் போனது குரங்குகளால். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு சத்திரம். காற்று நன்றாக வரும், காவிரி பக்கம், ஆகவே பொன்மலைக்காரர்கள்கூடக் கல்யாணத்தை அங்கே வைப்பார்கள். சமையல் வாசனை கிளம்பினால் மரத்துக் குரங்கெல்லாம் மதிலில் ஆஜராகிவிடும். அழகரண்ணன் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். மனிதப் பந்திக்கு முன்னால் குரங்குப் பந்தி. மதில்மேல் வரிசையாக இலை நறுக்குப் போட்டு ஆளுக்கு ஒரு வாழைப்பழம். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு சண்டை வராது. தின்றுவிட்டு மரியாதையாக மரத்துக்குப் போய்விடும். எங்கள் உறவுக்காரர்களிடம்கூட நான் அப்படி ஒரு ஒழுங்கைப் பார்த்ததில்லை.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சிநேகிதன் ஒருத்தன், கூலிங் கிளாஸ் போட்டவன், வேடிக்கைக்காக மதிலோரம் இருந்த ஒரு குரங்குக்கு லட்டு வைத்தான். அவ்வளவுதான்! பக்கத்துக் குரங்கு லட்டைப் பார்த்தது, தன் கையிலிருந்த பழத்தைப் பார்த்தது, பழத்தைத் தூக்கி அவன் முகத்திலேயே அடித்தது. அடுத்தது அடித்தது. அதற்கடுத்தது அடித்தது. பாதி உரித்த பழம், உரிக்காத பழம், தோல், எல்லாம் பறந்து வந்தன. நாயனக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு நாயனத்தைக் குடை மாதிரி தலைக்கு மேல் பிடித்தார். கூலிங் கிளாஸ் காவிரிப் பக்கம் ஓடினான். லட்டு வாங்கிய குரங்கு என்ன செய்தது என்று கேட்காதீர்கள். லட்டை வாயில் அடைத்துக்கொண்டு ஓடிவிட்டது. குரங்குதானே!

நான் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அழகரண்ணன் சிரிக்கவில்லை. கண் பளபளக்க என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“பாத்தியா அமிர்தம்! அந்தப் பழம் இத்தனை நாளா இனிச்சுதே, இன்னிக்கு ஏன் கசந்துச்சு? பக்கத்து இலைக்கு லட்டு வந்ததுனால. அதுக்கு யாருடா கல்லுல எழுதிக் கொடுத்தா?”

“அது நியாயம் இல்லண்ணே, பொறாமை. எனக்கு லட்டு இல்லியேன்னு ஆத்திரம்.”

“பொறாமையேதான்! நான் இல்லேங்கலயே. எனக்கு ஏன் இல்லன்னு கேட்டா பொறாமை. அவனுக்கு ஏன் இல்லன்னு கேட்டா நியாயம். கேள்வி ஒண்ணுதான்டா, ஆள்தான் மாறுது. குரங்கு பாதி தூரம் வந்துடுச்சு. மீதி தூரம் நாம நடக்கணும்.”

பதில் வராதபோது எனக்குக் கோபம் வரும். நேரே போய்ப் பங்குச் சாமியாரிடம் முறையிட்டேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். “ஆண்டவர் மனுஷன் மனசுல நியாயத்தை எழுதினார்னு நம்பறோம், இல்லியா? குரங்கு மனசுல ரெண்டு வரி எழுதக் கூடாதுன்னு அவருக்கு நீ உத்தரவு போட்டியா அமிர்தராஜ்?” சாமியாரே கட்சி மாறினால் ஏழை கிறிஸ்தவன் எங்கே போவான்?

இப்போது வள்ளிக்கண்ணுவின் கல்யாணத்துக்கு வருகிறேன். அறுபத்து நாலாம் வருஷம். அதே சத்திரம். மாப்பிள்ளை பிச்சமுத்து, தொட்டியத்துக்காரன், காவிரிக்கரையில் வாழைத்தோட்டம். நல்ல பையன். பெண் பார்க்க வந்த அன்று வள்ளிக்கண்ணு கொடுத்த காப்பியைக் குடிக்க மறந்து தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டுப் போனவன். அவன் அப்பா பெரியண்ணன் வேறு ரக மனுஷர். பெரிய உருவம், பெரிய மீசை, சிரிக்கவே மாட்டார்.

அந்த வருஷம் சர்க்கரைக்குப் படாதபாடு. ரேஷனில் கொடுப்பது காப்பிக்கே காணாது. கல்யாணத்துக்கு இனிப்பு வேண்டாமா? என் மனைவி பேட்ரிசியா குவார்ட்டர்ஸ் முழுக்கக் கிண்ணத்தோடு கிளம்பினாள். ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் ரேஷன் சர்க்கரையைக் கிண்ணத்தில் கொட்டினார்கள். அந்த மாதம் முழுக்கப் பொன்மலையில் வெறும் கசப்புக் காப்பி. என் வீட்டிலும்தான். நான் கத்தாத நாள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சர்க்கரையில்தான் ஜாங்கிரி போட்டார்கள். முதல் பந்திக்கு ஆளுக்கு ஒன்று வரும் என்று கணக்கு.

மாப்பிள்ளை வீட்டார் சொன்னதைவிட இன்னொரு பஸ் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார்கள். கணக்கு அதோடு கவிழ்ந்தது. “பரவாயில்ல, ரெண்டா உடைச்சு வச்சிடலாம். எல்லாருக்கும் பாதி” என்றார் அழகரண்ணன். தாலி கட்டி முடிந்தது. மேளம் கொட்டியது. எல்லார் முகத்திலும் பசியும் சந்தோஷமும். அப்போதுதான் பெரியண்ணன் அழகரண்ணனைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். நானும் வாளி கழுவுகிற சாக்கில் பின்னாலேயே போனேன்.

“சம்மந்தி, ஜாங்கிரிய உடைக்கக் கூடாது. முழுசா எங்க வரிசைக்கு வைக்கணும். உங்க வரிசைக்கு வேணாம்.”

“அப்ப தனிப் பந்தியாப் போட்டுடறேங்க. நீங்க முதல்ல சாப்பிட்டு எழுந்ததும்...”

“தனிப் பந்தி வேணாம். ஒரே பந்தி. நீங்களும் உங்க ஆளுங்களும் எங்களுக்கு எதிர்ல உக்காரணும். நாங்க சாப்பிடறதப் பாக்கணும்.”

“எதுக்குங்க அப்படி?”

“மாப்பிள்ளை வீட்டு மரியாதை. முடியாதுன்னா சொல்லிடுங்க. பஸ் வாசல்ல நிக்குது. என் பையனோட நாங்க கிளம்பறோம். உங்க பொண்ணு இங்கயே இருக்கட்டும்.”

தாலி ஏறிய பெண்ணைச் சத்திரத்தில் விட்டுவிட்டுப் போகிறேன் என்கிறார்! அப்படி விட்டுப் போனால் அந்தப் பெண் கதி என்ன ஆகும் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கொதிக்கிற சாம்பாரை அந்த மீசைமேல் கவிழ்க்கலாமா என்று பார்த்தேன். நல்லவேளை, கையில் இருந்தது காலி வாளி.

அழகரண்ணன் என்னிடம் வந்தார். பெண்ணின் தகப்பன் அன்றைக்கு வாளி தூக்கக் கூடாது, ஆகவே பந்தி என் பொறுப்பு. வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது அவருக்கு.

“அமிர்தம், அவரு சொல்றபடியே வச்சிடு.”

“அண்ணே! நீங்களா பேசறீங்க?”

“நான் இல்லடா. வள்ளிக்கண்ணுவோட அப்பன் பேசறேன்.” என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது, அதற்கு மேல் பரிதாபமாக இருந்தது. அழுகையை அடக்க இன்னொரு வாளியைக் கழுவினேன்.

பந்தி போட்டாயிற்று. இரண்டு நீள வரிசை, எதிரெதிராக. தலைப்பக்கம் மாப்பிள்ளையும் பெண்ணும். பிச்சமுத்து பக்கத்திலிருந்து அவன் வீட்டு வரிசை ஆரம்பம், முதல் இலை பெரியண்ணனுடையது. வள்ளிக்கண்ணு பக்கத்திலிருந்து நம் வரிசை. முதலில் அழகரண்ணன், அப்புறம் மயிலம்மாள், அப்புறம் பேட்ரிசியா, அப்புறம் குவார்ட்டர்ஸ் ஜனம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் முதல் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிட வேண்டும். சோறு, பருப்பு, கறி, கூட்டு எல்லாம் வைத்தாகிவிட்டது. நான் ஜாங்கிரித் தட்டோடு வந்தேன்.

உத்தரவுப்படி செய்கிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். வாயை மூடிக்கொண்டு செய்கிறேன் என்று சொல்லவில்லையே! சத்திரம் அதிர ஒரு குரல் கொடுத்தேன். “ஜாங்கிரி மாப்பிள்ளை வீட்டு வரிசைக்கு மட்டும்!” பிச்சமுத்து இலையில் முழுசாக ஒன்றை வைத்தேன். வள்ளிக்கண்ணு இலையை ஒட்டி வந்து, தாண்டி, திரும்பினேன்.

“இவங்களுக்கு?” என்றான் பிச்சமுத்து.

“இவங்க பொண்ணு வீட்டு வரிசைங்க மாப்பிள்ளே. உத்தரவு இல்ல.”

“தாலி கட்டிட்டனே! இப்ப எங்க வீடுதானே?”

பந்தியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியண்ணன் யோசித்தார். நியாயமான கேள்வி, மறுக்க முடியாது. “சரி, மருமக எங்க வீடு. வை” என்றார். வைத்தேன். வள்ளிக்கண்ணு ஜாங்கிரியைத் தொடவில்லை.

“அம்மாவுக்கு, சித்தப்பா?” என்றாள். சின்னக் குரல்தான். ஆனால் கடைசி இலைவரைக்கும் கேட்டது.

நான் பெரியண்ணனிடம் திரும்பி ரொம்பப் பணிவாகக் கேட்டேன். “ஐயா, உங்க மருமகளைப் பெத்தவங்க எந்த வீடுங்க?”

மீசை இப்படியும் அப்படியும் அசைந்தது. “சரி, பெத்தவங்களுக்கும் வை. அதோட நிறுத்து.”

நிற்குமா? மயிலம்மாள் இலையில் வைத்ததும் அவர் கையை மடியில் கட்டிக்கொண்டார். “பேட்ரிசியாவுக்கு வைக்காம எனக்கு எறங்காது. இந்த ஜாங்கிரில இருக்கறது அவ வீட்டுக் காப்பிச் சர்க்கரை.” உடனே பேட்ரிசியா, “என் சர்க்கரை என்ன பெருசு? அழகம்மா வீட்ல கைப்பிள்ளை பாலுக்கு வச்சிருந்ததைக் கொட்டினா” என்று அடுத்த இலையைக் காட்டினாள். அழகம்மாள் அதற்கடுத்த இலையைக் காட்டினாள். அந்த விரல் வரிசை முழுக்க ஓடியது. எல்லா இலையிலும் சோறு ஆவி பறக்கிறது, எந்தக் கையும் இறங்கவில்லை. எனக்கோ உள்ளுக்குள் ஒரே கும்மாளம். தட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே ஆடிவிடுவேன் போலிருந்தது.

எதிர் வரிசையிலும் முணுமுணுப்பு கிளம்பியது. “இது இவங்க ரேஷன் சர்க்கரையா? இவங்க பாத்துக்கிட்டிருக்க நாம திங்கறதா? நமக்கு வேணாம்ப்பா” என்று தொட்டியத்துக் கிழவர் ஒருவர் இலையைத் தள்ளி வைத்தார். பெரியண்ணன் துள்ளி எழுந்தார். “பஸ்ஸை எடுக்கச் சொல்லு! பிச்சமுத்து, எந்திரி!”

என் கும்மாளமெல்லாம் ஒரே நொடியில் காற்றில் போயிற்று. அழகரண்ணன் முகத்தைப் பார்த்தேன், செத்த முகம். ஐயோ, என் வாய்த்துடுக்கால் குழந்தையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். வள்ளிக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டாள். பிச்சமுத்து எழுந்திருக்கவில்லை. ஆனால் அப்பாவை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

அப்போது எதிர் வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்தார். பெரியண்ணனின் மனைவி மாரியாயி. காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவர்.

“உக்காருங்க! பஸ்ஸாம் பஸ்ஸு! உங்க அக்கா கல்யாணத்துல, அந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உங்களை எதிர்ல உக்கார வச்சிட்டு அவங்க மட்டும் பாயாசம் குடிச்சாங்க. சின்னப் பிள்ளை நீங்க, இலையவே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. நான் வாக்கப்பட்டு வந்த நாள்லேருந்து இதச் சொல்லிச் சொல்லி எங்கிட்ட அழறீங்க. அந்த வலி உங்களுக்குத் தெரியுமில்ல? தெரிஞ்ச மனுஷன் அதை இன்னொருத்தருக்குப் பண்ணலாமா?”

அந்த அம்மாள் விறுவிறுவென்று வந்து என் கையிலிருந்து தட்டைப் பிடுங்கினார். ஜாங்கிரிகளைப் படபடவென்று இரண்டாக உடைத்தார். நம் வரிசையில் ஒவ்வொரு இலையிலும் பாதி வைத்தார். தன் வரிசையில் ஒவ்வொரு இலையிலும் பாதி வைத்தார். பரிமாறுவதில் நான் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்தேன், அந்த வேகத்துக்கு முன்னால் நானெல்லாம் சும்மா. புதுமணத் தம்பதிகளும், அழகரண்ணனும், மயிலம்மாளும்கூட ஆளுக்குப் பாதியை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டார்கள். எல்லாருக்கும் சரியாக வந்தது.

ஒரே ஒரு இலையைத் தவிர. பெரியண்ணன் இலைக்கு வந்ததும் மாரியாயி நின்றார். “இந்த இலைக்குக் கிடையாது” என்று சொல்லி, அவர் பங்கையும் தன் இலையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பெரியண்ணன் மெதுவாக உட்கார்ந்தார். வேறு என்ன செய்வார்? இலையைப் பார்த்தார். சோறு இருந்தது, பருப்பு இருந்தது, இனிப்பு இருக்க வேண்டிய மூலை காலியாக இருந்தது. அவர் பார்வை அந்த மூலையை விட்டு நகரவில்லை. அவ்வளவு பெரிய மீசைக்குப் பின்னால் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருப்பது எனக்கே தெரிந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. எங்கள் வரிசையில் யாருக்கும் இல்லை.

“தங்கச்சி” என்றார் அழகரண்ணன். “இது தப்பும்மா.”

“எதுங்கண்ணே தப்பு?” என்றார் மாரியாயி.

“எதிர் இலைல இல்ல. அவரு இலைல வைக்காம இந்தப் பந்தில ஒரு கை இறங்காது. எங்க ஆளுங்க யாரும் தொட மாட்டாங்க.”

திரும்பிப் பார்த்தேன். கசப்புக் காப்பி குடித்த அத்தனை பேரும், அழகம்மாளும் பேட்ரிசியாவும் உட்பட, கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். அழகரண்ணன் தன் இலையிலிருந்த பாதி ஜாங்கிரியை எடுத்தார், இன்னும் யாரும் கை நனைக்கவில்லை, சுத்தமான இலை. அதை இரண்டாகக் கிள்ளினார். எழுந்து நடுவில் இருந்த இடைவெளியைத் தாண்டிப் போய், பெரியண்ணனின் இலை மூலையில் ஒரு துண்டை வைத்தார்.

“சாப்பிடுங்க சம்மந்தி. சோறு ஆறுது.”

பெரியண்ணன் நிமிர்ந்து அழகரண்ணனைப் பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் மீசையில் இறங்கியது. துண்டால் துடைத்தார், மறுபடி இறங்கியது. எல்லோரும் அவர் முதல் கை வைப்பதற்காகக் காத்திருந்தோம். அவர் சோற்றில் கை வைக்கவில்லை. தலையைத் திருப்பி வள்ளிக்கண்ணுவைப் பார்த்தார்.

“எங்க வீட்டுக்கு வந்திருக்கற பொண்ணு. முதல் கை நீ வைம்மா” என்றார்.

அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. வள்ளிக்கண்ணு அப்பாவைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள், பருப்புச் சோற்றை ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். உடனே இரண்டு வரிசையிலும் கை இறங்கிற்று பாருங்கள், அடடா, அந்தச் சத்தம்! அழகரண்ணன் அழுதுகொண்டே சாப்பிட்டார். நான் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சோறு சில்லிட்டுப் போயிருந்தது, ஒருத்தரும் குறை சொல்லவில்லை.